கைநாட்டு எப்போது சம்மதமாகும்?

புற்றுநோய் ஆய்வுகளுக்குப் போதிய நோயாளிகள் கிடைப்பதில்லை, மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று மருத்துவர்கள் அடிக்கடி குறைப்படுகிறார்கள். பங்கேற்பு பெருக வேண்டும் என்பதே நமது நிலைப்பாடும். ஆனால் மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

1999 இறுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேருக்கு ஒரு புதிய வேதிப்பொருள் ஊசியாகச் செலுத்தப்பட்டது. அது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவருடையது. தங்கள் மேல் நடப்பது சோதனை என்பது நோயாளிகளுக்கு முறையாக விளக்கப்படவில்லை. உள்ளிருந்த மருத்துவர் ஒருவரே எதிர்ப்புத் தெரிவித்த பிறகு 2001இல் விவகாரம் வெடித்தது. தன் நெறிமுறைக் குழுவின் அனுமதியை அந்த ஆய்வாளர் பெறவில்லை என்பதைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது.

அதே காலத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் முறைகள் குறித்து மூன்று பெரிய ஆய்வுகள் நடந்தன. மும்பையின் குடிசைப் பகுதிகள், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் கிராமங்கள், நம் திண்டுக்கல் மாவட்டம் ஆகியவை அவற்றின் களங்கள். மொத்தம் 3,63,553 பெண்கள். இவர்களில் 1,38,624 பேர் ஒப்பீட்டுக் குழுவில் வைக்கப்பட்டார்கள்; அவர்களுக்கு ஆய்வு எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. அந்தக் குழுக்களில் குறைந்தது 254 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். இந்தியாவில் பரிசோதனைத் திட்டமே இல்லாதபோது பரிசோதிக்காமல் விடுவதுதான் நடப்பு வழக்கம் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தின்படி, ஏழைக்கு அரசு எதைத் தராமல் விட்டதோ அதுவே ஆய்வின் அளவுகோலாகிவிடுகிறது. மும்பைப் பெண்களுக்குச் சம்மதம் கேட்டபோது போதிய தகவல் தரப்படவில்லை என்று அமெரிக்க அரசின் மேற்பார்வை அலுவலகம் 2012இல் முடிவு செய்தது.

ஆய்வுகளின் பலனை நாம் மறுக்கவில்லை. காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறை, திண்டுக்கல்லில் இறப்பை 35 விழுக்காடும் மும்பையில் 31 விழுக்காடும் குறைத்தது. உலகமே அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் புற்றுநோய்க்காக ஒரு முறையேனும் பரிசோதிக்கப்பட்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடுதான்; தமிழ்நாட்டில் 9.8. உண்மையை நிரூபிக்க உடலைக் கொடுத்தவர்களின் மகள்களுக்கு இன்னும் அந்தப் பரிசோதனை வந்து சேரவில்லை.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போடப்பட்டது. பழங்குடி விடுதி மாணவிகள் அதில் பெருமளவில் இருந்தார்கள். ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லது. இன்று உலகெங்கும் போடப்படுகிறது. நல்ல தடுப்பூசியையும் கேட்காமல் போட்டால் ஊரில் அவநம்பிக்கைதான் மிஞ்சும். அதன் விலையையும் நம் பெண்களே கொடுக்கிறார்கள்.

மாற்றங்கள் போராடித்தான் வந்தன. 2009 முதல் ஒவ்வொரு சோதனையும் பொதுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்றானது. 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஸ்வஸ்த்ய அதிகார் மஞ்ச் தொடுத்த பொதுநல வழக்கின் அழுத்தத்தில் இழப்பீட்டு விதிகள் வலுப்பெற்றன. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் சாதாரணக் குடிமகன் ஒருவரும் பெண் ஒருவரும் இருக்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர் சம்மதிக்கும்போது நடுநிலைச் சாட்சி வேண்டும்.

ஆனால் அந்தச் சாதாரணக் குடிமகன் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? அமெரிக்காவில் அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் இடம்பெற வேண்டும் என்று 1993இல் சட்டம் வந்தது. இங்கே ஆய்வறிக்கைகளில் வயது இருக்கும், பாலினம் இருக்கும். சாதி இருப்பது அரிது. யார் உடலில் சோதிக்கப்பட்டது, பலன் யாருக்குப் போனது என்பதை எண்ணாமல் சமத்துவம் பேச முடியாது.

ஆகவே ஒதுங்கி நிற்பது நமக்கு வழியல்ல. ஒதுங்கினால் புதிய மருந்துகள் நம் உடலுக்கு எப்படி வேலை செய்யும் என்பதே தெரியாமல் போகும். உங்கள் வீட்டில் ஒருவரிடம் சம்மதப் படிவம் நீட்டப்பட்டால் உடன் செல்லுங்கள். தமிழில் விளக்கக் கேளுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைக்கும், மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை தொடருமா, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, முடிவில் மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். பதில்களைக் கேட்டு, யோசித்து, பிறகு வைக்கும் கைநாட்டுதான் சம்மதம்.