மணியார்டர் கூப்பனும் சூசையப்பரும்

மார்கழிப் பனி இறங்கும் நாளில் ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டைப் பக்கம் போனால் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். உள்ளே குடில் கட்டியிருப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் கண்ணெல்லாம் வைக்கோல் மேல் கிடக்கும் குழந்தை மீதுதான். பின்னால் கோலூன்றி நிற்கும் சூசையப்பரை யாரும் அதிகம் கவனிப்பதில்லை.

அவரையே தலைவராக்கிப் பாடிய காப்பியம் நம் மண்ணோடு தொடர்புடையது. இத்தாலியில் 1680-ல் பிறந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் தங்கினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அதன் மேல் கலம்பகமும் பாடினார். அவருடைய தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்டது. அதில் சூசையப்பருக்கு வளன் என்று பெயர். குழந்தை பிறந்ததோடு கதை முடிந்துவிடுவதில்லை. மூன்றாம் காண்டத்தில் வளன் நோயில் விழுகிறார். மனைவியும் மகனும் கூடவே இருக்க, அவர் உயிர் பிரிகிறது. இதே காப்பியத்தில் கருணையன் என்ற பிள்ளை, காட்டில் தன்னோடு இருந்த தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுப் புலம்புகிறான். அந்தப் பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் வந்திருக்கிறது. பேரப்பிள்ளைகளின் புத்தகத்தைப் புரட்டியவர்கள் பார்த்திருக்கலாம்.

பெற்றவர்களின் கடைசிக் காலத்தில் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தப் பாட்டுகளில் இருக்கிறது. ஆனால் மானாவாரிப் பூமியை நம்பியிருந்த நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்தது மணியார்டர்.

1880-ல் இந்தியத் தபால் துறையில் தொடங்கிய சேவை அது. நான் தபால்காரனாக இருந்த நாட்களில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போலவே, டிசம்பர் மூன்றாம் வாரத்திலும் பை கனக்கும். அனுப்புகிறவர் நூற்றுக்கு 5 ரூபாய் கமிஷன் கட்ட வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்க, ஒருவர் சாட்சி போடுவார். படிவத்தின் அடியில் சின்னக் கூப்பன் ஒன்று இருக்கும். அதில் இரண்டு வரி எழுதலாம். அதைக் கிழித்து அவர்களிடமே கொடுத்துவிடுவோம்.

அரசாங்கமும் இதே வழியில்தான் உதவியது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. நீண்ட காலம் அதுவும் மணியார்டரில்தான் வந்தது. இப்போது 1200 ரூபாய், வங்கிக் கணக்குக்குப் போகிறது. அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான 2007-ஆம் ஆண்டிலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு இந்தச் சட்டத்துக்குப் பிறகு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்கவில்லை என்றால் ரத்து செய்யவும் இடமுண்டு. நம் வயதுக்காரர்கள் அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு இப்படி வழிகள் வந்துவிட்டன. கூப்பனில் இருந்த இரண்டு வரிக்கு என்ன வழி என்றுதான் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை இத்தனை நாள் வெளியில் சொன்னதில்லை. 1984 டிசம்பர். என் பீட்டில் ஓர் ஆயா தனியாக இருந்தார். மகன் பம்பாயில். கிறிஸ்துமஸுக்கு 100 ரூபாய் வந்தது. ரேகை வாங்கி, பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஆயா அதை எண்ணவில்லை. "தம்பி, என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார்.

கூப்பனைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. அவசரத்தில் விட்டிருப்பார். எனக்கு என்ன தோன்றியதோ, "அம்மா, நான் நல்லா இருக்கேன். பனியில கோயிலுக்குப் போகாத. வெந்நீர் வச்சுக் குளி" என்று படிப்பதுபோலச் சொல்லிவிட்டேன். ஆயா கூப்பனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த வருஷமும் பணம் வந்தது. கூப்பன் அதேபோல வெறுமையாக இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே ஆயா சிரித்துக்கொண்டே கேட்டார்: "இந்த வருஷமும் வெந்நீர்லதான் குளிக்கச் சொல்றானா, தம்பி?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் நான் படித்து முடிக்கும் வரை என்னைப் போகவிடவில்லை.

பழைய காகித மணியார்டர் 2015-ஓடு போய்விட்டது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜிபேயில் பணம் போடுகிற பிள்ளைகள், போட்ட கையோடு ஒரு போனும் போடட்டும். முடிந்தவர்கள் ரயிலேறி அரியலூரில் வந்து இறங்கட்டும்.