மயிலிட்டி மக்களின் இடப்பெயர்வும் உளமருத்துவ ஆய்வுகளும்

வலிகாமம் வடக்கின் கரையோர ஊர்களுள் ஒன்றாகிய மயிலிட்டி, மீன்பிடித் துறையாலும் காசநோய் வைத்தியசாலையாலும் ஒருகாலத்திற் பெயர்பெற்றிருந்தது. 1990 யூன் மாதத்தில் அவ்வூரவர் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. துறை மீண்டும் மக்கள் கைக்கு வந்தது 2017 யூலையிலேயே. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் பிறந்து வளர்ந்தது. இத்தகைய மக்களின் உளத்துயரை மருத்துவ ஆய்வு எவ்வாறு அளந்தது, அதற்கு எவ்வகைச் சிகிச்சையை முன்வைத்தது என்பதையே ஈண்டு நோக்குகின்றோம்.

2009 யூலை முதல் செப்தெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நிகழ்ந்த வீட்டு மதிப்பாய்வு, மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோயின் அறிகுறிகளை 7.0 வீதத்தினரிடமும், மனச்சோர்வை 22.2 வீதத்தினரிடமும், பதகளிப்பை 32.6 வீதத்தினரிடமும் கண்டது. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தோரிடையே இவை மூன்றும் மிகுந்திருந்தன. எனினும், அவர்கள் பட்ட கொடுநிகழ்வுகளைக் கணக்கிற் சேர்த்தபின் இடப்பெயர்வுக்கும் நோய்க்குமிடையிலான தொடர்பு மறைந்துபோயிற்று. புள்ளிவிவர முறைக்கு இது பொருந்தும். ஆயின் எறிகணைக்கு அஞ்சி ஓடியவனுக்கு எறிகணை வேறு, ஓட்டம் வேறு அன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் கூட்டு மனவடு என்னும் கருத்தை விரித்துரைத்ததன் தேவை இவ்விடத்தே நமக்குத் தெளிவாகின்றது.

சிகிச்சை பற்றிய சோதனைகளுள் ஒன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 2004 ஆழிப்பேரலையின் பின் வடகிழக்கில் ஓர் அகதி முகாமில் 31 சிறுவர் இரு பிரிவினராகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையை எடுத்துரைத்தனர். மற்றையோர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். அமர்வுகள் ஆறே. பயிற்சிபெற்ற உள்ளூர் ஆலோசகரே அவற்றை நடத்தினர். ஆறு மாதங்களின் பின் முதற்பிரிவில் 81 வீதத்தினரும் மற்றையதில் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். அவ்வேறுபாடு ஒன்றை மற்றொன்றினும் சிறந்ததெனக் கொள்ளப் போதியதன்று.

கருவியின் துணை கொண்ட சிகிச்சைக்குச் சான்று தேடுவோர் கடலின் அக்கரையை நோக்குதல் வேண்டும். 1984இற் சாரதா மேனன் முன்னின்று தொடக்கிய சென்னை மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010இற் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கிற்று. நோயாளி பஸ்ஸினுள் அமர்ந்து, தொலைவிலிருந்த உளமருத்துவரைத் திரையிற் கண்டு பேசினார். மருந்தும் அவ்வண்டியிலேயே வழங்கப்பட்டது. (மயிலிட்டித் துறையில் இந்திய மீன்பிடிப் படகுகள் கைப்பற்றப்பட்டுக் கட்டிவைக்கப்பட்ட காலமும் உண்டு. ஒரே கடலின் இரு கரைகளும் இவ்வாறு வேறுவகையிலேயே சந்தித்துக்கொண்டன.)

திரை மருத்துவரின் முகத்தைக் கொணரும். நோயாளியை வீட்டினின்று அழைத்துவந்து, மருந்தை விட்டாரா என மறுவாரம் வினவுவோர் அவ்வூரை அறிந்த பணியாளரே. மயிலிட்டியிலோ காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. அயலவர் எல்லோரும் ஒருங்கே திரும்பினாரல்லர். பக்கத்து வளவு வெறுமையாய்க் கிடக்க, ஒருவர் உறக்கமின்றித் தவிப்பதை முதலில் அறிந்து சொல்பவர் யார் என்பதே இங்கு எழும் வினா.