மருந்து வளர்சிதைமாற்ற ஆய்வில் மென்பொருள்: டெண்ட்ரல் முதல் நிறைக் குறைபாட்டு வடிகட்டி வரை

நிறை நிறமாலையிலிருந்து மூலக்கூறுகளைக் கணிப்பொறி வழி அடையாளம் காணும் முயற்சியின் வரலாறு, பெரும்பாலும் 1965இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய டெண்ட்ரல் திட்டத்திலிருந்து எழுதப்படுகிறது. மரபியலாளர் ஜோஷுவா லெடர்பர்க், கணிப்பொறியியலாளர் எட்வர்டு ஃபைகன்பாம், மெய்யியல் பயின்ற புரூஸ் புக்கானன், வேதியியலாளர் கார்ல் ஜெராசி ஆகியோர் அதனை வளர்த்தெடுத்தனர். ஒரு சேர்மத்திற்கு அமையக்கூடிய கட்டமைப்புகளை அந்நிரல் உருவாக்கி, ஒவ்வொன்றும் தரக்கூடிய நிறமாலையை ஊகித்து, பொருந்தாதவற்றை விலக்கியது. அதன்முன் வைக்கப்பட்டது பெரும்பாலும் தூய சேர்மம் ஒன்றே.

மருந்தாய்வாளரின் சிக்கல் வேறு. சிறுநீரிலும் பித்தநீரிலும் உடலுக்கே உரிய எண்ணற்ற சேர்மங்கள் கலந்துள்ளன. தேடும் பொருள் எது என்பதற்கு முன், அது எங்குள்ளது என்பதே வினா. 2003இல் ஹையிங் ஜாங், டாங்லு ஜாங், கென்னத் ரே ஆகியோர் வெளியிட்ட மென்பொருள் வடிகட்டி இவ்விடத்தில்தான் திருப்பமாயிற்று. டெண்ட்ரலைப் போல அது கட்டமைப்பு எதனையும் முன்மொழியவில்லை. தொடர்பற்ற அயனிகளைக் கழித்தது, அவ்வளவே.

துல்லிய நிறைக்கும் அதற்கு அண்மையான முழு எண்ணுக்கும் உள்ள வேறுபாடு நிறைக் குறைபாடு எனப்படும். உடல் ஒரு மருந்தை மாற்றும்போது முழு எண் பெரிதும் மாறினும், இத்தசமப் பகுதி பெரும்பாலும் சிறிதே மாறுகிறது. எனவே மூல மருந்திலிருந்து 0.050 டால்டனுக்குமேல் விலகும் அயனிகளை நீக்குவது வழக்கமாயிற்று.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளலாம். அதன் நிறை 151.0633. சல்பேட்டு இணைவுப் பொருள் 231.0201, குளுக்குரோனைடு 327.0954. இரண்டும் எல்லைக்குள் நிற்கின்றன. குளுட்டாதயோன் இணைவுப் பொருளோ 456.1315, விலகல் 0.0682. வடிகட்டி அதனை நீக்கிவிடும். ஆனால் கல்லீரலைச் சிதைக்கும் இடைநிலைப் பொருள் உருவானதற்குச் சான்று அவ்விணைவுப் பொருளே. அந்நச்சுத்தன்மைக்கு எதிரான குளுட்டாதயோனின் காப்புப் பங்கினை 1973இலேயே சுண்டெலி ஆய்வுகள் காட்டியிருந்தன. (சிறுநீரில் அது மெர்காப்டூரிக் அமிலமாக வெளிப்படும்போது விலகல் 0.0147 ஆகக் குறைந்து எல்லைக்குள் வருகிறது. பித்தநீரை மட்டும் ஆராய்பவருக்கு இது உதவாது.)

இக்குறை துறையினர் அறியாததன்று. குளுட்டாதயோன் இணைவுப் பொருளின் நிறையையே மையமாகக் கொண்ட தனி வடிகட்டிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. எனினும் அத்தகைய வடிகட்டியை அமைக்க, அப்பொருளை ஆய்வாளர் முன்கூட்டியே எதிர்பார்த்திருத்தல் வேண்டும். விலங்குகளைவிட மனிதரிடம் மிகுதியாகத் தோன்றும் வளர்சிதைமாற்றப் பொருள்களைப் பாதுகாப்பு ஆய்வுக்கு உட்படுத்துவது குறித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் 2008இல் வெளிவந்தபின், ஓர் அயனி விடுபடுவது முன்னினும் பெரிய பிழையாயிற்று.

‘தானியங்கி அடையாளங்காணல்’ என்னும் வழக்கு இந்த வேறுபாட்டை மறைக்கிறது. நிறையில் 15.9949 கூடினால் ஓர் ஆக்சிஜன் சேர்ந்தது என மென்பொருள் கூறும். எந்தக் கார்பனில் என்பதை அவ்வெண் கூறுவதில்லை.