மிச்சமாகும் யூனிட்டுக்குக் கூலி

1856இல் சென்னை இராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்டபோது, அந்தக் கட்டடம் மின்சாரத்தை எதிர்பார்த்து எழுப்பப்பட்டதல்ல. உயர்ந்த கூரையும் தூண்வரிசையும் வெயிலைப் பார்த்துக்கொண்டன. பின்னர் பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அதை நடத்திய தனியார் நிறுவனத்தை 1947இல் அரசு ஏற்றுக்கொண்டது. 1970இல் உற்பத்தி தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே வடசென்னை அனல் மின் நிலையம் எழுந்துவிட்டது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்தது. தேவை கூடினால் உற்பத்தியைக் கூட்டு என்பதே அரசுக்குத் தெரிந்த விடை. மின்செலவைக் குறைத்துத் தந்து, மிச்சத்தில் பங்கு பெறும் ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்தலாம் என்ற யோசனை அரசுக்கு வெகு தாமதமாக வந்தது. வந்த பிறகும் அரசு அலுவலகங்கள் சேமிப்பை வாங்கவில்லை, விளக்கையும் விசிறியையும்தான் வாங்குகின்றன என்பது என் வாதம்.

யோசனை புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட்டும் அவர் கூட்டாளி போல்டனும் கார்ன்வால் சுரங்கங்களில் நீராவி எந்திரம் நிறுவியபோது, பழைய எந்திரத்தைவிட மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள். எந்திரம் எத்தனை முறை அடித்தது என்று எண்ண, பூட்டிய பெட்டிக்குள் ஒரு கருவியையும் வைத்தார்கள். அப்படியும் சுரங்க முதலாளிகள் பணம் தர மறுத்ததால் விவகாரம் வழக்குவரை போனது என்பது இங்கே மறக்கக் கூடாத விவரம். இந்தியாவில் 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகை உள்ளிட்ட அரசுக் கட்டடங்களில் எரிசக்தித் தணிக்கை நடந்தது. 2009இல் மத்திய மின்துறையின் பொதுத்துறை நிறுவனங்கள் கூடி ஈஈஎஸ்எல் என்ற நிறுவனத்தைத் தொடங்கின; 2017இல் அது கட்டடங்களின் மின்செலவைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. முதலீடு அதனுடையது, கட்டடத்துக்குரியவர் கட்டணத்தில் மிச்சமாவதிலிருந்து அதைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் அதே நிறுவனத்தின் தெருவிளக்குத் திட்டத்தில் பல உள்ளாட்சிகள் பாக்கி வைத்தன. மிச்சத்தை அளப்பதைவிட அனுமானிப்பதே வழக்கமாக இருந்தால், கொடுக்கும் கை தயங்கத்தானே செய்யும்?

தனியாருக்கு மக்கள் பணத்தில் பங்கா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதில் 35 வாட் விசிறி, நாளுக்கு 10 மணி, ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 120 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி என்றால், 84 கிலோ. நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதாவது ஒரே விசிறியில் ஆண்டுக்குக் கால் குவிண்டாலுக்கு மேல் சாம்பல் குறையும். நகரத்தில் எங்கோ ஓர் அலுவலகம் விரயம் செய்தாலும் சாம்பலில் ஒரு பங்கு எண்ணூரில்தான் விழுகிறது. ஒப்பந்தக்காரர் வேலைக்கு முந்தைய மின்செலவின் அளவை ஊதிப் பெருக்கி ஏமாற்றுவார் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. அதற்கு மருந்து மீட்டர்; குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்னும் தமிழ்நாட்டின் 1998 டெண்டர் சட்டத்தின் பழக்கமல்ல. எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் அரசு அலுவலகங்களில் தளத்துக்கொரு துணை மீட்டர் வையுங்கள். ஓராண்டு அளவை வெளியிடுங்கள். அதன் பிறகு டெண்டர் விடுங்கள்.