யாருக்கு யாரை விளங்கவில்லை?

“ஸலாம் சொன்னா பதில் சொல்றானுமில்ல, முகத்தப் பாக்கிறானுமில்ல. உம்மாக்காரி போனைக் குடுத்துக் கெடுத்துட்டா.”

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி, காத்தான்குடி முதல் ஓட்டமாவடி வரை இன்றும் காதில் விழுகிற பேச்சு இது. உம்மாவைக் குற்றம் சொல்லும் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய வரலாறு இருக்கிறது.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஓட்டிசம் தனியான ஒரு நிலையாக அறியப்பட்டது அதன் பிறகுதான். அந்தப் பெற்றோரில் பலர் பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்றும் அவர் குறித்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் பரப்பினார்கள். பெர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன். 1964இல் வெளியிட்ட நூலில், இது மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது என்று வாதாடினார். இன்று அறிவியல் அவர் பக்கம்தான். 2009இல் வெளியான ஆய்வொன்று, இலங்கையில் தாம் பரிசோதித்த சிறு பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டது. அத்தனை உம்மாமாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

அடுத்த கட்டம் 1985, லண்டன். சைமன் பரன்-கோஹன், அலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாலி தன் மாபிளைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஓட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பிள்ளைகளில் 12 பேர் சரியாகக் கூடையைக் காட்டினார்கள். ஆகவே இது புத்திக் குறைவு அல்ல. அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிப்பதில் வரும் சிரமம்.

இதைக் கற்பிக்கும் வழியாக, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கெரல் கிரே ‘சமூகக் கதை’ முறையைக் கொண்டுவந்தார். “இடைவேளைக்கு மணி அடிக்கும். சத்தம் பெரிதாக இருக்கும். பசியில் எல்லாரும் ஓடுவார்கள். நான் காதைப் பொத்திக்கொள்ளலாம்.” இப்படிச் சின்னக் கதை. செய்யச் சொல்லும் வாக்கியம் ஒன்று என்றால், நடப்பதை விளக்கும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும் என்பது அவரது விதி. நமது வகுப்பறைகளில் கணக்கு தலைகீழ்: கட்டளை பத்து, விளக்கம் பூச்சியம்.

2012இல் டேமியன் மில்டன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அவர் ஓட்டிசம் உள்ள சமூகவியலாளர். பிள்ளைக்கு நம்மை விளங்காதது பாதிதான். நமக்குப் பிள்ளையை விளங்காதது மீதிப் பாதி என்றார்.

ஆசிரிய நண்பர்களே, அந்த மீதிப் பாதி நமது பாடம். அடுத்த முறை உம்மாவைக் கூப்பிட்டு முறைப்பாடு சொல்லுமுன், “எந்தச் சத்தம், எந்த இடம் புள்ளைக்குக் கஷ்டம்?” என்று கேளுங்கள். அதை நம்மைவிட அறிந்தவர் அவர்தான்.