நெருக்கடி நிலைக்குப் பின் சட்டத்தின் ஆட்சி மீட்பு (இந்தியா)

1975 ஜூன் 25 இரவு, பிரதமர் இந்திரா காந்தியின் பரிந்துரையை ஏற்று, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. ரேபரேலியில் இந்திரா பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒடுக்குமுறைக்குச் சட்டமே கருவியாயிற்று. விசாரணையின்றிப் பல்லாயிரம் பேர் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் சிறையில் அடைக்கப்பட்டனர். பத்திரிகைகள் தணிக்கைக்குள்ளாயின. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம் மக்களவையின் ஆயுளை ஆறாண்டாக நீட்டியது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கைதிகளின் மனுக்களை ஏற்றிருந்தும், 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடிக் காலத்தில் ஆட்கொணர்வு மனு போட எவருக்கும் உரிமையில்லை என உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் கூறிவிட்டனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அடுத்த ஜனவரியில், பணிமூப்புப்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி எம்.எச். பெய்குக்குப் போயிற்று, கன்னா பதவி விலகினார். அந்த நீதிமன்றத்தின் மானத்தைக் காத்தது அவருடைய ஒற்றைத் தீர்ப்புதான். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தள்ளுபடி செய்ய 2017 வரை ஆயிற்று.

1977 மார்ச் தேர்தலில் இந்திரா ரேபரேலியிலேயே தோற்றார். மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. பின்னர் ஜனதா கட்சியின் மொரார்ஜி தேசாய் பிரதமரானார். அத்துமீறல்களை ஷா ஆணையம் விசாரித்தது. மிசா நீக்கப்பட்டது.

நிலையான மீட்பு 1978இன் 44ஆம் திருத்தத்தால் வந்தது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ போய் ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ வந்தது. அமைச்சரவையின் எழுத்துபூர்வமான முடிவும், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை ஒப்புதலும் கட்டாயமாயின. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான 21ஆம் உறுப்பை எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது என்பதே இதன் மிகப் பெரிய சாதனை. மக்களவையின் ஆயுள் மீண்டும் ஐந்தாண்டாயிற்று. மாநிலங்களவையில் ஜனதாவுக்குப் பெரும்பான்மை இல்லாததால், சில பிரிவுகளை விட்டுக்கொடுத்தே இது நிறைவேறியது.

நிறைவேறியதும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. தடுப்புக் காவலுக்கு வரம்பு கட்டும் மூன்றாம் பிரிவை, மிசாவில் சிறையிருந்தவர்கள் அமர்ந்த ஜனதா அரசும் அமல்படுத்தவில்லை. பின்வந்த எந்த அரசும் இன்றுவரை அமல்படுத்தவில்லை.