இளையராஜாவின் திரைசாரா இசைத்தொகுப்புகள்: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

திரைப்படத்துக்காக அல்லாமல் தனித்துக் கேட்பதற்கென்றே இளையராஜா உருவாக்கிய இசைத்தொகுப்புகளில் முதன்மையானவை ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988), ‘திருவாசகம்’ (2005) ஆகிய மூன்றும். ஆயிரம் படங்களைக் கடந்த அவருடைய திரையிசைக்கு முன்னால் இவை கைப்பிடி அளவுதான். ஆயினும் புதிதாகக் கேட்க வருபவர் தடுமாறுவது இவற்றில்தான்.

மேலைநாட்டு ராக் இசை ரசிகர்களிடையே ‘இந்தக் குழுவை எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?’ என்ற கேள்வி இயல்பானது. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967), பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைடு ஆஃப் தி மூன்’ (1973) போன்றவை, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே படைப்பாகக் கேட்கவேண்டியவை. தமிழில் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. நமக்கு அலகு பாட்டுதான். மதுரைக்குத் தென்மேற்கே பேரையூர், டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்தில் 1980களில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு பதிவுக்கடையில் கொடுத்தால், பத்துப் படங்களின் பாட்டு ஒரே நாடாவில் வந்துவிடும். வரிசையைத் தீர்மானித்தவர் கேட்பவரே. திருவிழா மைக் செட்டிலும் அப்படித்தான். அந்தக் காதுக்குப் பல்லவியும் சரணமும் இல்லாத ‘ஹவ் டு நேம் இட்’ அந்நியமாகப் பட்டதில் வியப்பில்லை.

பின்னணி

இளையராஜா 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தார். உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டி மேற்கே போனால் வரும் ஊர். இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. 1996இல் தேனி பிரியும்வரை மதுரை மாவட்டமாகவே இருந்த பகுதி. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். சென்னை வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் செவ்வியல் இசை பயின்றார். ‘அன்னக்கிளி’ (1976) வெளியானபின் நடந்தது எல்லோரும் அறிந்தது.

அதிகம் பேசப்படாதது 1985க்குப் பிந்தைய நிலை. அவ்வாண்டு வெளியான கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யில், காம்போதி ராகத்தில் வழங்கிவரும் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையைச் சாரமதி ராகத்துக்கு மாற்றி அமைத்திருந்தார். படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. சபா வட்டாரத்தில் முகச்சுளிப்பும் கிடைத்தது. சினிமாக்காரர் கீர்த்தனையில் கைவைக்கலாமா என்பதே கேள்வி. மறு ஆண்டு வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் (1767–1847) ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (1685–1750) காணிக்கையாக்கினார். யாருடைய அனுமதியும் கேட்காமல் இருவரையும் தன் வீட்டு விருந்தினராக அழைத்துக்கொண்டார் என்று சொல்லலாம். தொகுப்பிலுள்ள ஒரு பகுதியின் தலைப்பே ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, அதாவது ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’. இன்னொன்றின் தலைப்பு ‘டோன்ட் கம்பேர்’, ஒப்பிடாதே. இத்தலைப்புகளை அந்தச் சூழலில் வைத்துப் படிக்கவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கேட்கும் வரிசை

வெளியான வரிசையிலேயே கேட்கலாம் என்பது வழக்கமான பரிந்துரை. ஆனால் ‘மேட் மாட் மூட் ஃபியூக்’கில் தொடங்குபவர் பாதியிலேயே நிறுத்திவிட வாய்ப்புண்டு. ஃபியூக் என்பது ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்தடுத்த குரல்கள் துரத்திப் பிடிக்கும் வடிவம். ஒரே நேரத்தில் பல மெட்டுகளைப் பின்தொடரக் காது பழகவேண்டும்.

பழக்குவதற்கு நல்ல வழி ஒரு திரைப்படம். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் பாடல்களே இல்லை. ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசையே அதன் பின்னணி இசை. சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பம் சொந்த வீடு கட்டப் படும் பாட்டுக்கு நடுவே இந்த வயலின் ஒலிக்கும்போது, அது எவருக்கும் கடினமான இசையாகத் தோன்றாது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த படம் என்பதால் தனியாகவும் பார்க்கத்தக்கது.

அதன்பின் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்டிட்டாவின் முன்னுரைப் பகுதி இதில் ஒலிக்கிறது. அதைச் சுற்றி இளையராஜா தம் மெட்டுகளைப் பின்னியிருக்கிறார். மூலத்தை முதலில் தனியே கேட்டுவிட்டு இதைக் கேட்டால், எது பாக், எது ராஜா என்பது விளங்கும். அடுத்து ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. சந்திப்புக்குப் பிந்தைய உரையாடல். பிறகு ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’. இவை மூன்றும் பிடித்துவிட்டால் தொகுப்பு முழுவதையும் அதன் சொந்த வரிசையில் கேட்கலாம். இவற்றில் ஒலிக்கும் முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மனுடையது. ‘ராஜ பார்வை’யில் (1981) கமல்ஹாசன் வாசிப்பதாக நாம் நம்பிய வயலினும் அவருடையதே.

‘நத்திங் பட் விண்ட்’ இரண்டாவது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், ஐந்தே பகுதிகள். எளிமையானது என்று இதையே முதலில் பரிந்துரைப்பவர்கள் உண்டு. குழலின் இனிமையிலேயே நின்றுவிட்டால் பின்னால் நகரும் தந்திக் கருவிகளைக் கவனிக்கத் தவறிவிடுவோம். முந்தைய தொகுப்பில் பழகிய காதோடு வருவது நல்லது.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்த ‘திருவாசகம்’ மதுரைக்காரர்களுக்கு நெருக்கமானது. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் மேலூருக்கு அருகில்தான் உள்ளது. ஆனாலும் இதை மூன்றாவதாகவே வைக்கலாம். பக்திப்பாடல் கேசட்டை எதிர்பார்த்து வருபவரைச் சேர்ந்திசைப் பகுதிகள் திகைக்கவைக்கும். ‘முத்துநற்றாமம்’ பொருத்தமான நுழைவாயில். அது திருப்பொற்சுண்ணப் பாடல், பெண்கள் உலக்கையால் பொடி இடித்தபடி பாடுவதாக அமைந்தது. ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் இடையில் வருவது சிலருக்கு உறுத்தலாம்.

லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காக 1993இல் எழுதிய சிம்பொனி வெளிவரவில்லை. ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. முந்தைய மூன்றையும் கேட்டபின் அதற்கு வரலாம்.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இவற்றைக் கேட்கவேண்டாம். செல்லோ, டபுள் பாஸ் போன்ற தாழ்சுருதிக் கருவிகள் அதில் காணாமல் போகும்; இந்த இசையில் பாதி நடப்பது அங்கேதான். சாதாரண இயர்போன் போதும்.